இப்னு பதூதா: கொள்ளை போனதும் கூட வந்ததும்



கையில் நாலு காசு சேர்ந்தால் வீட்டில் ஒரு பேச்சு வரும். புது வண்டி வாங்கலாமா, வருடக்கணக்காகத் தள்ளிப்போட்ட உம்ராவுக்குப் போகலாமா? வண்டி வாசலில் நிற்கும், பயணம் பத்தே நாளில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டு, பெரும்பாலும் வண்டியையே வாங்கிவிடுகிறோம். இந்தக் கணக்கு சரிதானா என்று பார்க்க, இப்னு பதூதா (ரஹ்) அவர்களின் வாழ்க்கையைக் கொஞ்சம் புரட்டுவோம்.

மொராக்கோவின் தன்ஜா நகரில் 1304-ல் பிறந்தவர். 1325-ல், 21 வயதில், ஹஜ்ஜுக்காகத் தனியாக வீட்டைவிட்டுக் கிளம்பினார். வழியில் பிஜாயாவில் கடுமையான காய்ச்சல். தங்கிவிடச் சொன்னார்கள், மறுத்துவிட்டார். கூட வந்தவர் சொன்ன யோசனைப்படி தம் வாகனத்தையும் கனமான சாமான்களையும் விற்றுவிட்டு, அவர் இரவலாகக் கொடுத்த வாகனத்திலும் கூடாரத்திலும் போனார். பயணத்துக்காகப் பொருளை விட்டது அதுதான் முதல் தடவை.

அதற்காக அவரைத் துறவி என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல உடை, குதிரை, பரிசு எல்லாவற்றிலும் ஆசை உள்ளவர். டில்லியில் முஹம்மது பின் துக்ளக் அவரைக் காஜியாக்கி ஆண்டுக்கு 12,000 தீனார் சம்பளம் கொடுத்தார். நிம்மதி வந்ததா? சுல்தானுக்குப் பரிசு கொடுத்தால் அதைவிடப் பெரிதாகத் திரும்பக் கிடைக்கும் என்று கடன் வாங்கி வாங்கிக் கொடுத்தார். கடன் 55,000 தீனாரை எட்டியது. கடன்காரர்கள் அரண்மனை வாசலில் வந்து நின்று சத்தம் போட்டார்கள். கடைசியில் சுல்தானே அடைத்தார். சம்பளம் கூடக் கூட வீட்டில் சாமானும் தவணையும் கூடுகிறதே, அந்தக் கதைதான் இதுவும்!

பிறகு சீனாவுக்குத் தூதராக அனுப்பப்பட்டு 1342 வாக்கில் கோழிக்கோடு வந்தார். ஜும்ஆ தொழுவதற்காக அவர் கரையில் தங்கிவிட்டார். புயலில் பரிசுப்பொருட்கள் ஏற்றிய பெரிய கப்பல் நொறுங்கியது. அவருடைய உடைமைகளும் அடிமைகளும் இருந்த சிறிய கப்பல் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. கையில் மிஞ்சியது பத்து தீனாரும் ஒரு விரிப்பும்.

1344-ல் இலங்கைக்குப் போனார். அங்கே நடந்ததைக் கவனியுங்கள். ஆரியச் சக்கரவர்த்தி அவருக்கு முத்துக்களைக் கொடுத்துவிட்டு, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டார். மாணிக்கம் விளையும் நாட்டில், எதையும் கேட்கலாம் என்ற நிலையில், பாவா ஆதம் மலையைப் பார்க்க வழிசெய்தால் போதும் என்றார். பல்லக்கும் வழித்துணையும் கிடைத்தன. உச்சிக்குக் கீழே செங்குத்தான பாறையில் இரும்புச் சங்கிலிகளைப் பிடித்து ஏற வேண்டும். கடைசிச் சங்கிலிக்கு ஷஹாதா சங்கிலி என்று பெயர். அதுவரை ஏறியவன் கீழே பார்த்துத் தலைசுற்றி, விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் கலிமா சொல்லிவிடுவானாம்!

பின்னர் மதுரை சுல்தானிடம் சில காலம் இருந்துவிட்டு மலபார் கடலில் போகும்போது, 12 கப்பல்களில் வந்த கொள்ளையர்கள் வளைத்துக்கொண்டார்கள். இலங்கை மன்னர் தந்த முத்தும் மாணிக்கமும் போயின. உடுத்தியிருந்த காற்சட்டை ஒன்றைத்தான் விட்டுவைத்தார்கள். கோழிக்கோட்டுப் பள்ளிவாசலுக்குள் அந்தக் கோலத்தில் நுழைந்தவருக்கு ஓர் ஆலிம் ஓர் உடை அனுப்பினார், காஜி தலைப்பாகை கொடுத்தார், ஒரு வியாபாரி இன்னோர் உடை கொடுத்தார். முத்துக்களோடு புகாராவில் அறிஞர்களின் அடக்கத்தலங்களில் அவர் எழுதிவைத்த குறிப்புகளும் போய்விட்டன. ஷஹாதா சங்கிலியைக் கொள்ளையடிக்க யாரால் முடியும்?

ஆனால் பயணத்துக்கும் அவர் பெரிய விலை கொடுத்தார், அதையும் மறைக்கக் கூடாது. பல ஊர்களில் மணமுடித்து, மனைவியரையும் பிள்ளைகளையும் அங்கேயே விட்டுவந்தவர். 1348-ல் டமாஸ்கஸ் திரும்பியபோது, அங்கே தாம் விட்டுப்போன மகன் 12 ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். தந்தை இறந்து 15 ஆண்டுகள் ஆகிவிட்டன என்ற செய்தியும் அங்கேதான் வந்தது. அடுத்த ஆண்டு சொந்த நாட்டுக்குள் வந்து தாஸா நகரை அடைந்தபோது, தாயும் கொள்ளைநோயில் போய்ச் சேர்ந்துவிட்டது தெரிந்தது. அவர் வீட்டை எட்ட இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது. உம்ராவுக்கு டிக்கெட் எடுக்கும்போது வீட்டில் இருக்கும் உம்மாவையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

சுமார் முப்பது ஆண்டுகள் அலைந்தவரிடம், கண்டதையெல்லாம் சொல்லும்படி ஃபெஸ் நகரில் சுல்தான் அபூ இனான் கட்டளையிட்டார். இழந்த குறிப்புகள் இல்லாமலே, நினைவிலிருந்து அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸை எழுதினார். டில்லியின் கடன், கோழிக்கோட்டுப் புயல், பள்ளிவாசலில் கிடைத்த உடை, மலைமேல் தொங்கிய சங்கிலிகள் எல்லாம் அதில் இருக்கின்றன. 1355-ல் அந்த நூல் எழுதி முடிந்தது.