40,600 டாலருக்கு விலைபோன பசு: அதன் வம்சத்தை வளர்த்த தாமஸ் பேட்ஸ் யார்?

ஒரே ஒரு பசு. விலை 40,600 அமெரிக்க டாலர். இது நேற்று நடந்த ஏலம் அல்ல. 1873ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் நடந்தது.

அந்தப் பசுவின் பெயர் 'ஜெனீவாவின் 8ஆவது டச்சஸ்'. ஷார்ட்ஹார்ன் என்ற குட்டைக்கொம்பு இனத்தைச் சேர்ந்தது. அதன் வம்சத்தை உருவாக்கியவர் அப்போது உயிரோடு இல்லை. அவர் மறைந்து 24 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவர்தான் தாமஸ் பேட்ஸ். மாடு வளர்ப்பு உலகில் இன்றும் பேசப்படும் பெயர். ஏன்? பார்க்கலாம் வாங்க.

யார் இவர்?

பேட்ஸ் 1775இல் இங்கிலாந்தின் வடகோடியில் உள்ள நார்தம்பர்லாந்து மாவட்டத்தில் பிறந்தார். இளம் வயதிலேயே குத்தகைக்கு நிலம் எடுத்துப் பண்ணை நடத்தத் தொடங்கினார். கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

அந்தக் காலத்தில் டார்லிங்டன் நகருக்கு அருகே சார்ல்ஸ் கோலிங், ராபர்ட் கோலிங் என்ற சகோதரர்கள் ஷார்ட்ஹார்ன் மாடுகளை வளர்த்துப் புகழ்பெற்றிருந்தனர். 1804இல் பேட்ஸ், சார்ல்ஸிடமிருந்து 'டச்சஸ்' என்ற பசுவை 100 கினிக்கு வாங்கினார். (ஒரு கினி என்பது ஒரு பவுண்டு, ஒரு ஷில்லிங்.)

1810இல் சார்ல்ஸ் தம் மந்தை முழுவதையும் ஏலம் விட்டார். எல்லாருடைய கண்ணும் 'கோமெட்' என்ற காளைமீது. அது 1,000 கினிக்குப் போனது. ஒரு காளை அந்த விலையைத் தொட்டது அதுவே முதன்முறை.

பேட்ஸ் என்ன செய்தார் தெரியுமா? 183 கினி கொடுத்து, அதே டச்சஸ் வம்சத்தில் வந்த ஓர் இளம் பசுவை ஓட்டிக்கொண்டு போனார். அதன் தந்தை கோமெட்!

ஏன் பசுவைத் தேர்ந்தெடுத்தார்?

தாயைப் பார்த்து மகளைக் கட்டு, பாலைப் பார்த்துப் பசுவை வாங்குன்னு நம் ஊரில் சொல்வார்கள் இல்லையா? பேட்ஸின் கணக்கும் கிட்டத்தட்ட அதுதான்.

மற்றவர்கள் பலர் இறைச்சியைப் பெரிதாக நினைத்தார்கள். பேட்ஸுக்கு இறைச்சியும் வேண்டும், பாலும் வேண்டும். அதனால் தாய்வழியை வைத்தே மந்தையைக் கட்டினார். டச்சஸின் மகள், பேத்தி, கொள்ளுப்பேத்தி எல்லாருக்கும் அதே பெயர்தான். கூடவே ஓர் எண்: 1ஆவது டச்சஸ், 2ஆவது டச்சஸ் என்று நீண்டுகொண்டே போனது.

சிக்கல் எங்கே வந்தது?

நல்ல இரத்தம் கலைந்துவிடக்கூடாது என்று பேட்ஸ் சொந்தத்துக்குள்ளேயே மாடுகளைச் சேர்த்தார். சுமார் 13 ஆண்டுகள் அப்படியே ஓடின. மாடுகள் பார்க்க அழகாகத்தான் இருந்தன. ஆனால் சினை பிடிப்பது குறைந்தது.

சினை பிடிக்காத பசுவுக்கு ஏது கன்று, ஏது பால்? தாய்மைக் குணத்துக்காக வளர்த்த வம்சத்தில் தாய்மையே ஆட்டம் கண்டது.

காரணம் இதுதான். நெருங்கிய உறவில் சேரும்போது, தாயிடமும் தந்தையிடமும் மறைந்திருக்கும் அதே குறை கன்றில் ஒன்றுசேர வாய்ப்பு அதிகம். அதில் முதலில் அடிபடுபவற்றுள் ஒன்று கருவளம்.

பேட்ஸுக்குத் தம் மாடுகள்மீது பெருமை அதிகம். இருந்தாலும் இறங்கி வந்தார். அடுத்த 17 ஆண்டுகளில் மூன்று முறை வெளி இரத்தத்தைச் சேர்த்தார். சார்ல்ஸ் டார்வின் 1868இல் வெளியிட்ட நூலில் இதை எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டிருக்கிறார்.

பழைய இரத்தம் கைகொடுத்ததா?

கைகொடுத்தது. 1831இல் 'பெல்விடீர்' என்ற காளையை 50 பவுண்டுக்கு வாங்கினார். அது ராபர்ட் கோலிங்கின் மந்தையிலிருந்து வந்த பழைய 'பிரின்சஸ்' வம்சம். அதாவது அதே இனம்தான், ஆனால் வேறு கிளை.

பெல்விடீர் வழியில் பிறந்த 'டியூக் ஆஃப் நார்தம்பர்லாந்து' என்ற காளை, 1839இல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த தேசிய வேளாண் கண்காட்சியில் பரிசு வென்றது. ஆனால் பாருங்கள், அந்தக் காளையின் தாய் பெல்விடீரின் சொந்த மகள்! பழைய பழக்கம் அவ்வளவு எளிதில் போகவில்லை.

அவருக்குப் பிறகு?

பேட்ஸ் 1849இல் காலமானார். அடுத்த ஆண்டே மந்தை ஏலத்தில் சிதறியது. பிறகு டச்சஸ் வம்சத்துப் பசுக்கள் அமெரிக்காவுக்கும் சென்றன.

வாங்கியவர்கள் பாலைப் பார்க்கவில்லை, பெயரைப் பார்த்தார்கள். வெளி இரத்தம் கலந்தால் விலை குறையும் என்று மறுபடியும் சொந்தத்துக்குள்ளேயே சேர்த்தார்கள். 40,600 டாலர் விலை அந்த மோகத்தின் உச்சம். கடைசியில் கலப்பில்லாத டச்சஸ் வம்சம் கன்று ஈனும் திறனை இழந்து அழிந்தே போனது.

ஆனால் மற்ற மாடுகளோடு கலந்த பேட்ஸ் வழி இரத்தம் தப்பித்தது. பின்னாளில் வந்த கறவை ஷார்ட்ஹார்ன் மாடுகளில் அதற்குப் பங்கு உண்டு.

இன்று நமக்கு என்ன?

பழைய காளைகளின் உறைவிந்து இருந்தால், பல ஆண்டுகளுக்கு முந்தைய வம்சத்தையும் இன்று மந்தைக்குள் கொண்டுவர முடியும். அப்படிச் செய்ய நினைப்பவர்கள் முதலில் பார்க்கவேண்டியது இவைதான்:

- பசு ஆண்டுதோறும் தவறாமல் சினை பிடிக்கிறதா?
- உதவியில்லாமல் கன்று ஈனுகிறதா?
- கன்றுக்குப் போதிய பால் இருக்கிறதா?
- காளையும் பசுவும் எவ்வளவு நெருங்கிய சொந்தம்?

வம்சப் பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் சரி, இந்தக் கேள்விகளுக்குப் பதில் தொழுவத்தில்தான் இருக்கிறது. பேட்ஸ் அதைப் பாதி வழியிலாவது உணர்ந்து திருத்திக்கொண்டார். அவர் பெயருக்காகக் காசைக் கொட்டியவர்கள் உணரவில்லை.