இலக்கணப் பாடத்தை எழுதாத மாணவர்

திருவண்ணாமலை என்றதும் கார்த்திகைத் தீபமும், கிரிவலப் பாதையும், அப்பாதையில் அமைந்த ரமணாசிரமமும் நினைவுக்கு வருதல் இயல்பே. ரமண மகரிஷியை உலகம் ஞானியாக அறியும். அவர்தம் ஆன்மிகத்தை ஆராய்வது நம் நோக்கமன்று. அதற்குரிய அறிஞர் பலர் உளர். பள்ளியில் ஆசிரியர்க்கும் வீட்டில் பெரியோர்க்கும் பிடிபடாத மாணவராக அவர் இருந்த சில ஆண்டுகளையே ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். கற்பிக்கும் தொழிலில் உள்ள நமக்கு அப்பகுதி பெரிதும் வேண்டப்படுவது.

1879ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் திருச்சுழியில் பிறந்தவர் வேங்கடராமன். தந்தை சுந்தரமய்யர் அவ்வூரில் வழக்குரைத்து வந்தவர், தாய் அழகம்மாள். திருச்சுழியில் தொடங்கிய படிப்பு திண்டுக்கல்லுக்கு மாறியது. 1892 பிப்ரவரியில் தந்தை மறைந்தார். குடும்பம் பிரிந்தது. பன்னிரண்டு வயதுச் சிறுவர் தமையன் நாகசாமியுடன் மதுரையில் சிற்றப்பா சுப்பய்யர் வீட்டில் வளரலானார். ஸ்காட் நடுநிலைப்பள்ளியிலும், பின்னர் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப்பள்ளியிலும் பயின்றார். சில ஆண்டுகளுக்குள் ஊரும் பள்ளியும் வீடும் மாறின, தந்தையும் இல்லை. இன்று ஒரு மாணவரின் சேர்க்கைப் படிவத்தில் இவ்வளவும் இருந்தால் நாம் சற்று நின்று படிப்போம் அல்லவா?

நினைவாற்றலில் அவர்க்குக் குறையில்லை. ஒருமுறை கேட்ட பாடத்தைத் திருப்பிச் சொல்லும் திறன் இருந்தது. அத்திறனே உழைப்புக்குப் பகையாயிற்று எனலாம். புத்தகத்தைக் காட்டிலும் கால்பந்தும், மற்போரும், நீச்சலும் அவரை ஈர்த்தன. அப்துல் வகாப் என்னும் முஸ்லிம் மாணவர் அவருடைய பள்ளித் தோழர். சாப் ஜான் என்பது வேங்கடராமன் அவரை அழைத்த பெயர். இருவரும் கால்பந்து ஆடியவர்கள். காவல்துறையில் பணியாற்றிய அப்துல் வகாப், பல்லாண்டுகள் கழித்துத் திருவண்ணாமலைக்கு வந்து தம் பழைய தோழரைக் கண்டார் என்பதும் இங்கே குறிக்கத்தக்கது.

வேங்கடராமனின் உறக்கம் வியப்புக்குரியது. உள்ளே தாழிட்டு உறங்கிய அவரை, கதவை இடித்தும் கூவியும் உறவினரால் எழுப்ப முடியாமற்போனதுண்டு. விழித்திருக்கையில் அவர்தம் உடல்வலிமைக்கு அஞ்சிய பையன்கள், உறங்குகையில் அவரைத் தூக்கிச் சென்று அடித்துவிட்டு மீண்டும் படுக்கையில் கிடத்துவார்களாம். மறுநாள் பிறர் சொல்லித்தான் அவர்க்கே அது தெரியவரும். இதனை வேடிக்கைக் கதையாகச் சொல்லிச் சிரிப்பவர் பலர். நமக்குச் சிரிப்பு வருவதில்லை. நம் வகுப்புகளின் கடைசி இருக்கையில் உறங்கும் மாணவருள், இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டுக் காலையில் நேரே கல்லூரிக்கு வருவோரும் உண்டு.

1896 ஜூலைத் திங்களில், பதினாறாம் வயதில், சிற்றப்பா வீட்டு மாடியறையில் தனித்திருந்தபோது திடீரென மரண அச்சம் அவரைப் பற்றியது. உதவிக்கு எவரையும் அழைக்கவில்லை. பிணம்போல் கிடந்து, சாவது எது என்று தமக்குள் ஆராய்ந்தார். அதன்பின் அவர் பழைய வேங்கடராமன் அல்லர். விளையாட்டு நின்றது. சண்டை நின்றது. உணவில் நாட்டம் குறைந்தது. மீனாட்சியம்மன் கோயிலுக்குச் சென்று தனியே நின்று கண்ணீர் வடிப்பார். புத்தகம் விரிந்திருக்கும், மனம் அதில் இராது. ஆசிரியர் கண்டது பாடம் ஒப்பிக்காத ஒரு பையனை. தமையன் கண்டது குடும்பப் பொறுப்பு உணராத ஒரு தம்பியை. ஆசிரியர் கண்டித்தார், தமையன் எள்ளினார். நாகசாமியைக் கொடியவர் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. தந்தையை இழந்த வீட்டில் தாமும் படித்துக்கொண்டு, தம்பியின் வருங்காலத்தை எண்ணிக் கவலையுற்ற இளைஞர் அவர். ஆயினும் அந்த ஆறு வாரங்களில் என்ன நேர்ந்தது என்று கேட்டவர் எவருமிலர். வேங்கடராமனும் தாமாகச் சொன்னாரல்லர்.

1896 ஆகஸ்ட் 29. பாடத்தைச் சரியாகப் படிக்காமைக்குத் தண்டனையாக, பெயின் என்பவர் எழுதிய ஆங்கில இலக்கணத்தின் ஒரு பாடத்தை மூன்று முறை எழுதிவரப் பணிக்கப்பட்டிருந்தார். நம் பிள்ளைகள் இம்போசிஷன் என்று சொல்வது இதனைத்தான். இரண்டு முறை எழுதினார். மூன்றாம் முறை எழுதுகையில் இதன் பொருளற்ற தன்மை உள்ளத்தில் தைக்க, தாள்களை ஒதுக்கிவிட்டுக் கண்மூடி அமர்ந்தார். பார்த்துக்கொண்டிருந்த தமையன், இப்படி இருப்பவனுக்குப் படிப்பும் வீடும் எதற்கு என்னும் கருத்துப்படக் கடிந்தார். அச்சொல் நியாயமே என்று தம்பிக்குப் பட்டது. பள்ளியில் தனி வகுப்பு இருப்பதாகக் கூறி எழுந்தார். அப்படியானால் பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துத் தம் கல்லூரிக் கட்டணத்தைச் செலுத்திவிடுமாறு நாகசாமி சொன்னார்.

வேங்கடராமன் மூன்று ரூபாயே எடுத்தார். எஞ்சிய இரண்டு ரூபாயோடு ஒரு கடிதமும் வைத்தார். தம் தந்தையாகிய இறைவனைத் தேடிப் புறப்பட்டதையும், தம்மைத் தேடப் பணம் செலவிட வேண்டாம் என்பதையும் எழுதி, கையொப்பம் இடாமல், தமையனின் கட்டணம் இன்னும் கட்டப்படவில்லை என்பதையும் மறவாமல் சேர்த்திருந்தார். பொறுப்பற்றவர் என்று ஏசப்பட்டவர் வீட்டைவிட்டு நீங்கும் வேளையில் செய்த கணக்கு இது.

பழைய நிலப்படத்தைப் பார்த்துத் திண்டிவனத்துக்குச் சீட்டு வாங்கினார். விலை இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா. வண்டியில் வெண்தாடி மௌலவி ஒருவர் இறையன்பர்களின் வரலாறுகளைச் சக பயணிகளுக்குச் சொல்லி வந்தார். ஒரு மூலையில் மௌனமாக இருந்த சிறுவரிடம் அவர் திரும்பி, எங்கே செல்கிறீர் என மரியாதையுடன் வினவினார். திருவண்ணாமலை என்றதும், திண்டிவனம் செல்ல வேண்டா, விழுப்புரத்தில் வண்டி மாறலாம் என்று வழி சொன்னார். நாம் படித்த அளவில், அந்தப் பையனிடம் அவன் போகுமிடத்தைக் கேட்ட முதற் பெரியவர் இவரே. அறிவுரை சொல்லவில்லை, கேட்டார், வழி சொன்னார். ஆசிரியப் பயிற்சி நூல்கள் பல பக்கங்களில் விளக்குவது ஏறத்தாழ இதுதான்.

செப்டம்பர் முதல் நாள் அவர் திருவண்ணாமலையை அடைந்தார். அங்கும் தொல்லை தொடர்ந்தது. ஆயிரங்கால் மண்டபத்தில் அசையாது அமர்ந்திருந்த அவர்மீது, அவரையொத்த வயதினரும் இளையோரும் கல்லும் ஓட்டுத்துண்டுகளும் எறிந்தனர். சேஷாத்ரி சுவாமிகள் காக்க முயன்றார். அவர் விரட்ட விரட்டக் குறும்பு மிகுந்ததே தவிரக் குறையவில்லை. இருண்ட பாதாள லிங்கக் குகைக்குள் இறங்கியும் கற்கள் ஓயவில்லை. வேங்கடாசல முதலியார் என்பார் பையன்களை விரட்டிவிட்டு உள்ளே சென்று பார்த்தபோது, பூச்சிகள் அரித்துத் தொடைகள் புண்ணாகியிருக்க, உணர்வற்று இருந்தார். அவரை வெளியே தூக்கிவந்தனர்.

1899 முதல் விரூபாட்ச குகையிலும், 1916 முதல் கந்தாசிரமத்திலும் வாழ்ந்த காலத்தில், இதே ஊரின் சிறுவர்கள் மலையேறி வந்து அவருடன் கோலி ஆடினார்கள். தீபாவளிக்குப் பலகாரத்தில் அவர் பங்கை எடுத்து வைத்துக் கொண்டுவந்து, அவரோடு சேர்ந்து பட்டாசு வெடித்தார்கள். அவர் அவர்களுக்குப் போதனை எதுவும் நடத்தியதாகத் தெரியவில்லை. கூட விளையாடினார், அவ்வளவே.

தண்டிக்கப்படும் ஒவ்வொரு மாணவரும் மகரிஷி என்பது நம் கருத்தன்று. சோம்பலால் எழுதாதவரும் உளர். எவர் சோம்பலால் எழுதவில்லை, எவர் உள்ளே வேறொன்றால் அலைக்கழிக்கப்படுகிறார் என்பதை மூன்று முறை எழுதவைத்து அறிய இயலாது என்பதே நாம் சொல்வது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்தது. சட்டம் கையைத் தடுக்கும். கேட்கும் செவியை ஆசிரியர்தாம் தர வேண்டும்.

தமிழ்த்துறையார்க்கு உரிய செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. உடனிருந்து தொண்டு செய்த பழனிசாமி, தமிழ் நூல்களை எழுத்துக் கூட்டிப் படிக்க இடர்ப்படுவதைக் கண்டு, ரமணர் அந்நூல்களைத் தாமே படித்துப் பொருள் சொல்லலானார். ஒருவர்க்கு உதவத் தொடங்கிய அப்படிப்பு பல மொழிகளுக்கு விரிந்தது. மலையாளம், தெலுங்கு, வடமொழி ஆகியவற்றிலும் அவர் செய்யுள் இயற்றினார். 1928இல் முருகனாரின் வேண்டுதலை ஒட்டி உருவான உள்ளது நாற்பது வெண்பா யாப்பில் அமைந்தது. தளை தட்டாமல் வெண்பா எழுதுவது எளிதன்று என்பதை நம் மாணவர்கள் அறிவர். 1950 ஏப்ரல் 14இல் அவர் மறையும்வரை, பெயினின் பாடத்தை மூன்றாம் முறை மட்டும் எழுதவேயில்லை.