மூளையின் அலை கண்ட பெர்கர்

நாடியைத் தொட்டு நெஞ்சின் துடிப்பை அறிதல் பண்டுதொட்டு மருத்துவர் கையாண்டு வரும் முறையாகும். ஆயின், மண்டையோட்டினுள் ஓசையின்றித் தொழிற்படும் மூளையின் நிலையை அறிய நெடுங்காலம் வழியில்லாதிருந்தது. அவ்வழியைத் திறந்தவர் ஹான்ஸ் பெர்கர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் ஆவார்.

பெர்கர் 1873ஆம் ஆண்டு மே 21ஆம் நாள், கோபுர்க் நகரை அடுத்த நொய்செஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் மருத்துவர், தாயார் ரூக்கெர்ட் என்னும் கவிஞரின் மகளார். வானநூல் கற்க விரும்பிப் பல்கலைக்கழகம் புகுந்த பெர்கர், விரைவில் அதனை விடுத்துக் குதிரைப்படையிற் சேர்ந்தார். ஒருநாள் பயிற்சியின்போது குதிரையினின்றும் வீழ்ந்தார். பீரங்கி வண்டியின் உருளை அவர்மேல் ஏறுமுன் நின்றமையால் உயிர் பிழைத்தார். அன்று மாலையே அவர் நலம் வினவித் தந்தையாரிடமிருந்து தந்தி வந்தது. தொலைவில் இருந்த சகோதரியார், அவருக்கு ஏதோ இடர் நேர்ந்ததென அஞ்சியதே அதற்குக் காரணம்.

தம் எண்ணமே மூளையினின்று வெளிப்பட்டுச் சகோதரியாரை எட்டியது எனப் பெர்கர் நம்பினார். அந்நம்பிக்கைக்குச் சான்று எதுவும் பின்னர்க் கிடைக்கவில்லை. எனினும், மூளையின் ஆற்றலை அளந்தறிய வேண்டும் என்னும் வேட்கை அவர் உள்ளத்தில் வேரூன்றியது. அவர் மருத்துவம் பயின்று, 1897இல் யேனா நகரின் மனநோய் மருத்துவமனையிற் பணியேற்றார். 1919இல் அதன் தலைவரானார்.

விலங்குகளின் மூளையில் மின்னோட்டம் உண்டு என்பதை 1875இலேயே இங்கிலாந்து நாட்டு ரிச்சர்டு கேட்டன் கண்டிருந்தார். மனிதர் மூளையில் அதனைக் காணப் பெர்கர் முனைந்தார். அம்மின்னழுத்தமோ ஒரு வோல்ட்டில் இலட்சத்தில் சில பங்கே ஆகும். பல்லாண்டு தோல்விகளுக்குப் பின், 1924ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் முதற்பதிவு கிட்டியது. அவர் உடனே அதனைப் பறைசாற்றினாரல்லர். அது நாடித்துடிப்பின் விளைவோ, தசையின் அசைவோ என ஐயுற்று, தம் மகனையும் அமர்த்தி மீண்டும் மீண்டும் சோதித்தார். ஐந்தாண்டு கழித்து, 1929இலேயே முதற்கட்டுரையை வெளியிட்டார். கண்மூடி அமைதியாக இருக்கையில் நொடிக்குப் பத்தளவான அலைகள் எழுவதையும், கண்திறந்தால் அவை ஒடுங்குவதையும் விளக்கினார். பலர் நம்பவில்லை. 1934இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மாத்யூசும் சோதித்து உண்மையென உறுதி செய்த பின்னரே உலகம் அவரை ஏற்றது.

அவர் வாழ்வில் ஒரு கறையும் உண்டு. நாசி ஆட்சியில், பிணியாளரும் மனவளர்ச்சி குன்றியவரும் மகப்பேறு அடையாதவாறு வலிந்து தடுத்த நீதிமன்றத்தில் அவரும் உறுப்பினராக அமர்ந்தார். 1938இல் ஓய்வுபெற்ற அவர், உளச்சோர்வு நோயால் வருந்தி, 1941ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் மறைந்தார்.

அவர் கண்ட கருவியோ இன்று மிக மெலிந்த உயிர்களுக்குக் காவலாக நிற்கிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் தலையிற் சிறு மின்வாய்களைப் பொருத்தி, அதன் மூளை அலைகளை மருத்துவர் நோக்குவர். மிக முன்னதாகப் பிறந்த சேயின் மூளை சிறிது நேரம் அலையெழுப்பும், பின் அமைதியுறும். வாரங்கள் செல்லச் செல்ல அவ்விடைவெளி குறைந்து, உறக்கமும் விழிப்பும் மாறிவரும் ஒழுங்கு தோன்றுமாயின், அது நல்ல அறிகுறி. பல நாளும் அலைகள் தாழ்ந்தே கிடப்பின், நடத்தலிலும் கற்றலிலும் பிற்காலத்தில் குறை நேரலாம் என அஞ்சுவர். உடலில் தோன்றாத வலிப்பையும் அவ்வலைகள் காட்டிக் கொடுக்கும். பிற சோதனைகளோடு இதனையும் ஒப்பிட்டே அவர்கள் முடிவு செய்வர். வேண்டும் சிகிச்சையையும் பயிற்சியையும் காலத்தே தொடங்குவர்.

அழத்தொழிந்த மழலைக்கும் அலைகளால் மொழி தந்தது பெர்கரின் பொறுமை. அம்மொழியைக் கேட்டு மெலியாரைக் காப்பது அருளுடையார் கடமை. அறிவோடு அருளும் சேர்ந்தால்தான் கல்வி நிறைவுறும் என்பதை அவர் வாழ்வின் இரு பக்கங்களும் நமக்கு உணர்த்துகின்றன.