யோபுவின் சரித்திரம் கேட்ட அரண்மனை உத்தியோகஸ்தர்



பட்டாசு ஆபீசில் விபத்து நடந்து, துக்கம் விசாரிக்கப் போகிறவர்களில் யாராவது ஒருவர், என்ன பாவம் செய்தார்களோ, இப்படி வந்து விடிந்தது என்று மெதுவாகச் சொல்லுவது நம் பக்கத்தில் புதிதல்ல. சொல்லுகிறவருக்குக் கெட்ட எண்ணம் இராது. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் காதில் அது விழுந்தால் அவளுக்கு அது இரண்டாவது சாவு. பழைய ஏற்பாட்டில் யோபு இந்தச் சொல்லைத்தான் தன் நண்பர்கள் வாயிலிருந்து கேட்டார். அந்த யோபுவின் சரித்திரத்தைக் கேட்டு வாழ்க்கையையே மாற்றிக்கொண்ட ஒருவர் நம் தென்பாண்டிச் சீமைக்குத் தெற்கே, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712-ம் வருடம் ஏப்ரல் 23-ந் தேதி பிறந்தார். அவரே அர்ச். தேவசகாயம்.

பெற்றோர் இட்ட பெயர் நீலகண்டன். வசதியான, அரண்மனைச் செல்வாக்குள்ள குடும்பம். பத்மநாபபுரத்து நீலகண்டசுவாமி கோயிலில் உத்தியோகம் பார்த்து, பின்பு மார்த்தாண்டவர்மா மகாராஜாவின் சேவகத்தில் உயர்ந்தார். 1741-ல் குளச்சல் சண்டையில் டச்சுக்காரர் தோற்றபோது பிடிபட்டவர்களில் டிலனாய் என்ற தளகர்த்தர் ஒருவர். இவர் கத்தோலிக்கர். ராஜா இவருடைய திறமையைக் கண்டு, தம் படையைப் பழக்கவும் உதயகிரிக் கோட்டை வேலையைப் பார்க்கவும் அமர்த்திக்கொண்டார். அந்த வேலையில்தான் நீலகண்டருக்கும் இவருக்கும் சிநேகம் உண்டானது.

அக்காலத்தில் நீலகண்டர் வீட்டில் நஷ்டத்தின்மேல் நஷ்டம். ஆடுமாடுகள் செத்தன, சொத்துக் கரைந்தது. வாடிய முகத்தைக் கண்டு டிலனாய் காரணம் கேட்டார். கேட்டபின் ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பிவிடவில்லை. யோபுவின் சரித்திரத்தை எடுத்துச் சொன்னார். ஒரே நாளில் ஏர்மாடும் ஆடும் ஒட்டகமும் போய், பிள்ளைகளும் மாண்டு, உடம்பெல்லாம் புண்ணான நீதிமானின் கதை அது. குற்றம் செய்தவனுக்குத்தான் கஷ்டம் வரும் என்ற கணக்கு அங்கே பொய்த்துப்போகிறது. நீலகண்டரின் நெஞ்சைத் தொட்டதும் இதுவாகவே இருக்கவேண்டும்.

யோபு என்றால் பொறுமை என்று மாத்திரம் நாம் பழகிவிட்டோம். அந்த ஆகமத்தை முழுவதும் வாசித்தவர்களுக்குத் தெரியும்: யோபு வாய்மூடிக் கிடந்தவர் அல்ல. ஏன், ஏன் என்று சர்வேசுரனிடமே முறையிட்டார். கடைசியில் கடவுள் கண்டித்தது ஆறுதல் சொல்ல வந்து பாவக்கணக்குப் பார்த்த நண்பர்களை. முறையிட்ட யோபுவையோ சரியாகப் பேசினவன் என்றார். அந்த நண்பர்களுக்காகவே யோபு வேண்டிக்கொண்டபிறகுதான் அவருடைய நிலை மாறியது. அழகான வார்த்தை வரவில்லையே என்று செபத்தை விட்டுவிட்டவர்கள் நம்மில் உண்டு. வேன் வருமுன் சோறு பொங்கி, அந்தியில் திரும்பி, உடம்பு ஓய்ந்து உட்காருகிறவள், ஆண்டவரே எனக்கு ஏன் இப்படி என்று அழுதாலும் அது செபந்தான்.

ஒன்பது மாதம் ஞானோபதேசம் கற்றபின், டிலனாய் கொடுத்த கடிதத்தோடு நீலகண்டர் வடக்கன்குளம் போனார். அங்கே சேசுசபைக் குரு புத்தாரி சுவாமியார் 1745 மே 14-ந் தேதி ஞானஸ்நானம் கொடுத்து லாசர் என்று பெயரிட்டார். கடவுள் துணை நின்றார் என்ற அந்தப் பெயரின் பொருளே தமிழில் தேவசகாயம். மனைவி பார்கவி அம்மாளும் மனந்திரும்பி ஞானப்பூ என்ற பெயர் பெற்றாள்.

யோபு ஆகமத்தின் 31-ம் அதிகாரத்தை இன்று இரவு வீட்டில் வாசியுங்கள். வேலைக்காரனுடைய நியாயத்தைத் தள்ளினேனா, என் கவளத்தைத் தனியே தின்றேனா என்று யோபு தன்னையே சோதிக்கிறார்; என்னை உருவாக்கியவரே அவனையும் தாயின் வயிற்றில் உருவாக்கினார் என்கிறார். தேவசகாயம் செய்ததும் இதுதான். தாழ்ந்த சாதியார் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு உட்கார்ந்து பேசினார், சாப்பிட்டார். அரண்மனை உத்தியோகஸ்தர் இப்படிச் செய்ததைச் சுற்றியிருந்தவர்களால் தாங்க முடியவில்லை.

ஒரு வெட்கமான சங்கதியையும் சொல்லவேண்டும். அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் கிறிஸ்தவர்களே கோயிலுக்குள் சாதிக்குச் சாதி சுவர் வைத்துப் பூசை கண்டார்கள். 1910-ல் அது இடிக்கப்பட்டபோது வழக்கு சென்னை ஐகோர்ட்டு வரைக்கும் போயிற்று. கல் சுவர் போய்விட்டது. நம் வீட்டு அடுப்பங்கரையில் தனியாக வைத்திருக்கிற டம்ளர் போய்விட்டதா என்று அவரவரே பார்த்துக்கொள்ளுங்கள்.

1749 பிப்ரவரி 23-ந் தேதி அவரைப் பிடித்தார்கள். ராஜத்துரோகம், அரசாங்க ரகசியத்தை வெள்ளைக்காரருக்குச் சொன்னது என்று குற்றச்சாட்டு. விசுவாசத்தை விட்டால் பழைய உத்தியோகம்; இல்லையேல் தண்டனை. எருக்கமாலை போட்டு, எருமையின்மேல் பின்னோக்கி உட்காரவைத்து ஊர் ஊராய்க் கொண்டுபோனார்கள். அடித்த புண்களில் மிளகாய்ப்பொடி தடவினார்கள். புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் தவித்து அவர் செபித்துப் பாறையை முட்டியால் இடிக்க, தண்ணீர் சுரந்தது என்று வழிவழியாய்ச் சொல்லி, அவ்விடத்தை இன்றும் முட்டிடிச்சான் பாறை என்கிறார்கள். பெருவிளையில் அவரை வேப்பமரத்தில் கட்டிவைத்திருந்தபோது சனங்கள் அவரிடமே செபம் கேட்டு வந்தார்களாம். எனக்கு இதுவே பெரிய புதுமையாகத் தோன்றுகிறது. கட்டுண்டு கிடந்தவருக்கு மற்றவர்களின் கஷ்டத்தைக் கேட்க மனம் இருந்தது.

மூன்று வருடம் இப்படியே கழிந்தது. 1752 ஜனவரி 14-ந் தேதி ஆரல்வாய்மொழியில் காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 39. காட்டில் எறியப்பட்ட சரீரத்தில் மிஞ்சியதை விசுவாசிகள் சில நாள் கழித்து எடுத்து, கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம் செய்தார்கள். 2012 டிசம்பர் 2-ந் தேதி நாகர்கோவிலில் முத்திப்பேறு பட்டமும், 2022 மே 15-ந் தேதி உரோமையில் பாப்பரசர் பிரான்சிஸ் அவர்களால் அர்ச்சியசிஷ்ட பட்டமும் கிடைத்தன. குருவோ சந்நியாசியோ அல்லாத இந்தியக் குடும்பஸ்தர் ஒருவர் இந்த மேன்மை பெற்றது இதுவே முதல் தடவை. பட்டம் கொடுத்தபோது பெயரோடு ஒட்டியிருந்த சாதிப்பெயரை விட்டுவிட்டார்கள்.

ஞானப்பூ அம்மாளைப் பற்றி நம் பிரசங்கங்களில் அதிகம் கேட்பதில்லை. கணவன் பிடிபட்ட நாள் முதல் சொந்தபந்தங்களின் ஏச்சும் பேச்சும் அவளுக்கு. கணவன் இறந்தபின் வடக்கன்குளம் போய், அங்கேயே இருந்து செபத்தில் நாளைக் கழித்தாள்.

அவருடைய திருநாள் பொங்கலோடு வருவதால், கரும்பும் மஞ்சளும் வாங்குகிற அவசரத்தில் நமக்கு மறந்துபோகிறது. சிவகாசியிலிருந்து கோவில்பட்டி, திருநெல்வேலி, வள்ளியூர் வழியாக ஆரல்வாய்மொழிக்கு ஒரே நாளில் போய்த் திரும்பலாம். போகிறவர்கள், பாதையிலிருந்து சற்று உள்ளே இருக்கிற வடக்கன்குளத்திலும் இறங்கி, ஞானப்பூ அம்மாளை நினைத்து ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள்.