காட்சி கண்டவர் கற்கச் சென்றார்



ஆண்டவர் எனக்கு வெளிப்படுத்தினார் என்று சொல்லி ஒருவர் பேசத் தொடங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? சிலர் உடனே நம்பிவிடுகிறோம். சிலர் உடனே ஒதுக்கிவிடுகிறோம். இரண்டுமே எளிதான வழிகள்தான். இவ்விரண்டுக்கும் நடுவே நடந்த ஒருவரின் வாழ்வை இன்று சிந்திப்போம். அவர் புனித இலொயோலா இஞ்ஞாசியார்.

1491-ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டின் பாஸ்க் பகுதியில் பிறந்த இவர், 1521 மே மாதம் பம்பலோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்தார். நோய்ப்படுக்கையில் வாசித்த கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வரலாறும் அவரது உள்ளத்தை மாற்றின. 1522-இல் மன்ரேசா ஊருக்கு வந்து, ஏறக்குறைய பதினோரு மாதங்கள் செபத்திலும் தவத்திலும் கழித்தார். ஒருநாள் கார்டோனர் ஆற்றங்கரையில் அமர்ந்திருந்தபோது அவருடைய அறிவுக்கண் திறந்தது. வாழ்நாள் முழுவதும் கற்றதையெல்லாம் ஒன்றுசேர்த்தாலும், அந்த ஒரு நாளில் பெற்றதற்கு ஈடாகாது என்று பிற்காலத்தில் அவர் கருதினார்.

ஆனால் அதே மன்ரேசாவில் மற்றொன்றும் நிகழ்ந்தது. பாம்பு போன்ற வடிவில், கண்களைப் போல் ஒளிரும் பல புள்ளிகளுடன் அழகிய ஒன்று அவருக்கு அடிக்கடி தோன்றியது. அதைக் காண்பது அவருக்கு ஆறுதலாகவும் இருந்தது. கார்டோனர் அனுபவத்திற்குப் பிறகு, சிலுவையின் முன் முழந்தாட்படியிட்டபோதுதான், அது கடவுளிடமிருந்து வந்ததல்ல என்று தெளிந்தார். ஆறுதல் தருவதெல்லாம் ஆண்டவரிடமிருந்து வருவதில்லை என்பதை அவர் தம் அனுபவத்திலேயே கற்றுக்கொண்டார்.

1523-இல் எருசலேம் சென்றார். வாழ்நாள் முழுவதும் அங்கேயே தங்குவது இறைவிருப்பம் என்று உறுதியாக நம்பினார். புனித இடங்களின் பொறுப்பிலிருந்த பிரான்சிஸ்கு சபைத் தலைவரோ, திருத்தந்தை தந்த அதிகாரத்தின் பேரில் அவரைத் திரும்பிப் போகச் சொன்னார். இஞ்ஞாசியார் கீழ்ப்படிந்தார். தாம் அங்கே தங்குவது இறைவிருப்பம் அல்ல என்று அதிலிருந்து புரிந்துகொண்டார்.

பிறருக்கு உதவப் படிப்பு தேவை என்று உணர்ந்து, முப்பது வயதைக் கடந்தபின் பார்சலோனாவில் சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீன் கற்றார். அங்கேயும் ஒரு சோதனை. பாடம் படிக்க உட்கார்ந்தால் ஆன்மீக ஒளியும் இனிமையும் பெருகின. செபத்தில் இருக்கும்போது அப்படி வரவில்லை! அது தம்மைப் படிப்பிலிருந்து திசைதிருப்பும் சோதனை என்று கண்டுகொண்டு, பாடங்களைத் தவறாமல் கேட்பதாக ஆசிரியரிடமே வாக்குக் கொடுத்தார்.

பின்னர் அல்கலா நகரில் மக்களுக்கு மறைக்கல்வியும் ஆன்மீகப் பயிற்சிகளும் அளித்தார். குருவும் அல்ல, இறையியல் கற்றவரும் அல்ல. சந்தேகம் எழுந்தது. 1527-இல் 42 நாள்கள் சிறையில் இருந்தார். அங்கிருந்து சலமாங்கா சென்றார். அங்கே தொமினிக்கன் துறவியர் அவரிடம் ஒரு கூர்மையான கேள்வி கேட்டனர்: நன்மை தீமை பற்றிப் பேசுகிறாயே, படித்துப் பேசுகிறாயா, தூய ஆவியாரின் தூண்டுதலால் பேசுகிறாயா? படிக்கவில்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டிருந்தார். தூய ஆவியார் என்று சொல்லியிருந்தால் தாம் பெற்ற காட்சிகளையே கேடயமாக்கியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. மௌனம் காத்தார். கேட்க உரிமையுள்ள மேலதிகாரிகளுக்கே பதில் சொல்வதாகக் கூறிவிட்டார்.

மீண்டும் சிறை. காலில் சங்கிலி. ஒருநாள் கைதிகள் எல்லாரும் தப்பி ஓடினர். காலையில் பார்த்தபோது கதவுகள் திறந்து கிடந்தன. இஞ்ஞாசியாரின் தோழர்கள் மட்டும் ஓடாமல் அங்கேயே இருந்தனர். இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிக் குறிப்புகளை நடுவர்களிடம் ஒப்படைத்திருந்தார். அவர்கள் அவற்றில் பிழை எதுவும் காணவில்லை. 22 நாள்களுக்குப்பின் விடுவித்தனர். ஆனால் இன்னும் நான்கு ஆண்டுகள் படிக்கும்வரை, எது சாவான பாவம், எது அற்பப் பாவம் என்று வரையறுத்துச் சொல்லக்கூடாது என்று தடைவிதித்தனர்.

அந்தத் தீர்ப்பு அவருக்கு நியாயமாகப் படவில்லை. குற்றம் காணாமலே வாயை அடைக்கிறார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆயினும் சலமாங்காவின் அதிகாரத்திற்கு உட்பட்டிருக்கும்வரை கீழ்ப்படிவதாகவும் சொன்னார். திருச்சபையைத் தூற்றித் திரியவில்லை; தனிக்கூட்டம் சேர்க்கவுமில்லை. நடந்தே பாரிசுக்குப் போனார். 1528 முதல் ஏழு ஆண்டுகள் அங்கே கற்றார். அங்கேதான் பீட்டர் பேபரும் பிரான்சிஸ் சவேரியாரும் அவருக்குத் தோழர்களாயினர்.

1537-இல் குருவானார். 1538-இல் உரோமையில் மீண்டும் பழிச்சொல் எழுந்தபோது, முறையான விசாரணையும் எழுத்தில் தீர்ப்பும் வேண்டும் என்று அவரே கேட்டுப் பெற்றார். 1540-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் இயேசு சபைக்கு ஒப்புதல் அளித்தார். சலமாங்காவில் ஆராயப்பட்ட அதே ஆன்மீகப் பயிற்சிகளுக்கு 1548-இல் அதே திருத்தந்தையின் ஒப்புதல் கிடைத்தது. இதற்கிடையே 1542-இல் சவேரியார் நம் முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார். அன்று சலமாங்காவில் இஞ்ஞாசியார் கசந்துபோய்த் திருச்சபையை விட்டு விலகியிருந்தால், நம் கடற்கரைக்குச் சவேரியார் வந்திருப்பாரா?

அன்புக்குரியவர்களே, தனி வெளிப்பாடுகள் விசுவாசக் கருவூலத்தின் பகுதியல்ல என்று நம் மறைக்கல்வி ஏடு 67-ஆம் எண்ணில் கற்பிக்கிறது. அவை கிறிஸ்துவின் வெளிப்பாட்டை நிறைவுசெய்ய வருவதில்லை. அதை முழுமையாக வாழ உதவவே வருகின்றன. இஞ்ஞாசியார் இதை வாழ்ந்து காட்டினார். பெற்ற அருளை மறுக்கவில்லை. அதை வைத்து எவரையும் வாயடைக்கவுமில்லை. சோதித்துப் பாருங்கள் என்று திருச்சபையின் கையில் கொடுத்தார்.

போதிக்கும் நம்மில் எவருக்கும் உள்ளத்தில் ஒளி கிடைத்தால் நன்றி சொல்வோம். அதைப் பங்குத்தந்தையிடமும் ஆன்ம வழிகாட்டியிடமும் பகிர்வோம். பொறுத்திருக்கச் சொன்னால் பொறுத்திருப்போம், கற்கச் சொன்னால் கற்போம். பொறுப்பில் இருப்போரும், எளியவர் ஒருவர் பேச வரும்போது, பொறுமையோடு கேட்டு ஆராய்வார்களாக. கடவுளிடமிருந்து வந்தது காத்திருப்பதால் கெட்டுப்போவதில்லை.

புனித இஞ்ஞாசியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.