சை யங் சிறந்த ஆட்டக்காரரா, ரொம்ப நாள் ஆடியவரா?

நமக்குக் கிரிக்கெட் மாதிரி அமெரிக்காவில் பேஸ்பால். அதில் பந்து எறிபவர் பெயர் பிட்ச்சர். அதிக ஆட்டம் ஜெயித்த பிட்ச்சர் சை யங்தான். 511 வெற்றி! இரண்டாவதாக இருக்கும் வால்டர் ஜான்சனுக்கே 417தான். ஆனா அதிகத் தோல்வியும் சை யங் பேரில்தான் இருக்கு, முந்நூறுக்கும் மேலே. அதனால் அவர் நிஜமாவே பெரிய ஆளா, இல்லை 22 வருஷம் விடாம ஆடினதால கணக்கு ஏறிப்போச்சா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள்.

1867-ல் ஒஹையோ மாநிலம் கில்மோரில் விவசாயி வீட்டில் பிறந்தார். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. நிஜப் பெயர் டென்டன் யங். அவர் எறிந்த பந்து பட்ட பலகை வேலி, புயல் அடித்த மாதிரி உடைந்து கிடந்ததாம். சைக்ளோன் என்று கூப்பிட்டு, அது தேய்ந்து 'சை' ஆயிடுச்சு. ஆட்டம் இல்லாத மாசங்களில் ஊருக்கு வந்து விறகு பிளப்பார், வயல் வேலை செய்வார். கை பலம் அதில் வந்ததுதான்.

1893-ல் பிட்ச்சர் எறியும் தூரத்தை 60 அடி 6 அங்குலமாகக் கூட்டினார்கள். பல பேர் திணறினார்கள். இவர் அந்த வருஷமும் 34 ஆட்டம் ஜெயித்தார்.

1903-ல் நடந்த முதல் வேர்ல்டு சீரிஸில் முதல் பந்து எறிந்தவர் இவரே. அந்த ஆட்டம் தோல்வி! அப்புறம் இரண்டு ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தார், பாஸ்டன் அணி தொடரை வென்றது. 1904 மே 5-ந் தேதி பிலடெல்பியா அணியில் மட்டை பிடிக்க வந்த 27 பேரில் ஒருத்தரைக்கூட முதல் பேஸை மிதிக்க விடலை. (ஒன்பது பேரே மூணு தடவை வருவாங்க.) 1908-ல் 41 வயசில் 21 வெற்றி. சும்மா நாள் ஓட்டுகிறவரால் இது முடியுமா?

1936-ல் புகழ் மண்டபத்துக்கு ஓட்டுப் போட்டு ஐந்து பேரை எடுத்தார்கள். இவருக்குப் பாதி ஓட்டுகூட விழலை. 1937-ல்தான் சேர்த்தார்கள். எனக்கு இது ஆறவே இல்லை. வேகத்தில் ஜான்சன் மேல் என்று நானும் ஒத்துக்கறேன். ஆனா முந்நூறு தடவை தோற்கணும்னா, அத்தனை தடவை நம்பிப் பந்தைக் கையில் கொடுத்திருக்கணுமே! உபயோகமில்லாதவரை 22 வருஷம் எந்த அணி வச்சுக்கும்?

1955-ல் இறந்தார். 1956 முதல் வருஷத்தின் சிறந்த பிட்ச்சருக்குத் தரும் பரிசுக்கு இவர் பேர்தான், ஜான்சன் பேர் இல்லை. மறுத்துப் பேசுறவங்க அடுத்த இதழில் எழுதுங்க, நான் பதில் சொல்றேன்.