கரும்புக்குள் எண்ணிப் பார்த்த ஜானகி அம்மாள்

பொங்கலுக்குக் கரும்பு கடிக்காத பிள்ளை உண்டா? நம் கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கழனிகளிலும் ஆள் உயரத்துக்கு மேல் கரும்பு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கரும்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்த ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஜானகி அம்மாள் 1897 நவம்பர் 4 அன்று தலச்சேரியில் பிறந்தார். இன்று கேரளத்தில் உள்ள அந்த ஊர், அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. அப்பா கிருஷ்ணன் சப்-ஜட்ஜ். செடிகொடிகளில் பிரியம் உள்ளவர். வீடு நிறையப் பிள்ளைகள். அக்காமார்களுக்கு ஒவ்வொருவராகக் கல்யாணம் நடந்தது. ஜானகியின் முறை வந்தபோது அவர் கல்யாணம் வேண்டாம், படிப்பே போதும் என்று சென்னைக்குப் படிக்க வந்துவிட்டார். ராணி மேரிக் கல்லூரி, பிறகு மாநிலக் கல்லூரி. 1921-ல் தாவரவியல் பட்டம். சிறிது காலம் ஆசிரியையாக இருந்தார். பிறகு உதவித்தொகை பெற்றுக் கப்பலேறி அமெரிக்கா போனார். 1931-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பெண்கள் பள்ளிக்கூடம் போவதே அரிதாக இருந்த காலம் அது!

1934-ல் கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். தடித்த கரும்பு இனிக்கும், ஆனால் வடநாட்டுக் குளிரைத் தாங்காது. ஆற்றங்கரை நாணல் எதையும் தாங்கும், ஆனால் இனிக்காது. இரண்டையும் கலந்து புது ரகங்களை உண்டாக்கும் வேலையைப் பார்பர், வெங்கட்ராமன் என்ற இருவர் முன்பே தொடங்கியிருந்தார்கள். எதை எதோடு சேர்த்தால் என்ன பிறக்கும் என்று அறியக் குரோமோசோம் கணக்கு தேவைப்பட்டது.

குரோமோசோம் என்றால்? ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் இருக்கும் மிக நுண்ணிய இழைகள். தாய் தந்தையின் குணங்கள் பிள்ளைக்கு வருவது இவற்றின் வழியாகத்தான். மனிதருக்கு 46, நெல்லுக்கு 24. தடித்த கரும்புக்கு எவ்வளவு தெரியுமா? 80! நாணலிலோ இடத்துக்கு இடம் மாறும். 40 முதல் 128 வரை உண்டு.

இதை எண்ணுவது லேசான காரியம் இல்லை. இளம் வேரின் நுனியைக் கிள்ளி, சாராயமும் அமிலமும் கலந்த நீரில் போட்டு, சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். உயிரணு இரண்டாகப் பிரியும் வேளையில்தான் இழைகள் தனித்தனியாகத் தெரியும். அப்போதும் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும். ஒரு பிடி அரிசியைத் தட்டில் கொட்டி, கை படாமல் எண்ணிப் பாருங்கள், கஷ்டம் புரியும். டி.என்.ஏ.வின் வடிவம் 1953-ல்தான் தெரிய வந்தது. அதற்கு 20 ஆண்டுகள் முன்பே இந்த அம்மையார் கண்ணும் பொறுமையுமாக உட்கார்ந்திருந்தார்! கரும்பையும் மக்காச்சோளத்தையும்கூடக் கலந்து பார்த்து, 1938-ல் அதைப் பற்றி எழுதினார்.

ஆனால் கோவையில் நிம்மதி இல்லை. தனியாக வாழும் பெண், அதுவும் தாழ்த்தி வைக்கப்பட்ட சாதி என்று உடன் வேலை செய்த ஆண்கள் சிலர் ஒதுக்கினார்கள். 1939-ல் ஒரு மாநாட்டுக்காகப் பிரிட்டன் போனார். உலகப்போர் மூண்டது, அங்கேயே தங்கிவிட்டார். லண்டனில் இரவில் குண்டு விழும். கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வார். விடிந்ததும் உடைந்த கண்ணாடிச் சில்லுகளைக் கூட்டிவிட்டு மறுபடி மைக்ரோஸ்கோப். 1945-ல் டார்லிங்டன் என்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து, ஆயிரக்கணக்கான பயிர்களின் குரோமோசோம் கணக்கைப் புத்தகமாக வெளியிட்டார். பிறகு விஸ்லி தோட்டத்தில் வேலை செய்தார். அங்கே ஒரு மக்னோலியா பூமரத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

பிரதமர் நேரு அழைத்ததால் 1951-ல் நாடு திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைத்தார்.

இன்று இயந்திரங்கள் டி.என்.ஏ.வை எழுத்து எழுத்தாகப் படிக்கின்றன. சிறு இலைத் துண்டு கிடைத்தாலே இது எந்த ரகக் கரும்பு என்று சொல்லிவிடலாம். இருந்தும் கரும்பு சிக்கலான பயிர்தான். ஒரே பாடப்புத்தகத்தின் பல பிரதிகளைக் கிழித்துக் கலந்து போட்டால் எப்படி இருக்கும், அப்படி! மனிதருடைய மரபுச் செய்தியின் முதல் வரைவு 2001-லேயே வந்துவிட்டது. ஆலைக்குப் போகும் கலப்பினக் கரும்பு ஒன்றின் விரிவான வரைபடம் 2024-ல்தான் வெளியானது.

ஜானகி அம்மாள் 1970-ல் சென்னைக்கு வந்து, மதுரவாயலில் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் கடைசி வரை உழைத்தார். 1977-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டை மூழ்கடித்து அணை கட்டத் திட்டம் வந்தபோது, 80 வயதைத் தாண்டிய நிலையிலும் எதிர்த்துக் குரல் கொடுத்தார். அந்தக் காட்டுச் செடிகளின் குரோமோசோம்களையும் கணக்கெடுக்கத் தொடங்கினார். 1984 பிப்ரவரி 7 அன்று காலமானார். அதே ஆண்டு நவம்பரில் அந்தக் காடு தேசியப் பூங்கா ஆனது.